உயிர்காப்பாளர் இருக்கும் குளத்திலும் பிள்ளை மூழ்கலாம்: கேள்வி பதில்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சிங்கப்பூரில் பொது நீச்சல் குளங்களும் காண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்களும் நிரம்பி வழியும். பொதுக் குளங்களில் உயிர்காப்பாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர்ப் பாதுகாப்பு பற்றி மனத்தில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செங்காங்கில் இருந்து ஒரு தாய்: அண்ணா, வார இறுதியில் என் இரண்டு பிள்ளைகளையும் பொதுக் குளத்துக்குக் கூட்டிப் போகிறேன். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு ஐந்து. உயரமான நாற்காலியில் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கரையில் இருந்து கைப்பேசி பார்க்கலாம்தானே?

வேண்டாம் தங்கச்சி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வெயில் தண்ணீர் மேல் சாய்வாக விழும். பாதிக் குளம் பளபளக்கும், அடியில் இருப்பது தெரியாது. அலையில் ஒரு பிள்ளையின் உருவம் உடைந்து உடைந்து நிழல் போலத்தான் தோன்றும். மேலே மிதவைகள், பந்துகள், ஒருவரை ஒருவர் அமுக்கி விளையாடும் பையன்கள். இதற்குள் ஒரு தலை மட்டும் கீழே போய்விட்டது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உயிர்காப்பாளர் பயிற்சியில் உலகெங்கும் பழகிய ஓர் அளவுகோல் உண்டு. ஆபத்தில் இருப்பவரைப் 10 வினாடியில் அடையாளம் காண வேண்டும், அடுத்த 20 வினாடியில் அவரை எட்ட வேண்டும். நல்ல பயிற்சி பெற்றவருக்கே இது கடுமையான இலக்கு. நடுவில் ஒருவர் வந்து லாக்கர் எங்கே என்று கேட்பார், இன்னொரு பிள்ளை வழுக்கி விழும், ஓடுகிற பையனை அதட்ட வேண்டியிருக்கும். நியூயார்க்கில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, உயிர்காப்பாளர் இருந்தும் ஏன் மூழ்குகிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: மூழ்குவதை மூழ்குவதாக அடையாளம் காணாதது, வேறு வேலைகள் குறுக்கே வருவது, கவனம் சிதறுவது. இந்த மூன்றும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

உயிர்காப்பாளர் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஆனால் அவர் இரண்டாவது காவல்தான். அவருக்கு முன்னால் நூறு தலைகள். உங்களுக்கு இரண்டு. உங்கள் மகள் எப்போது விளையாட்டாக முங்குவாள், எப்போது முகம் மாறும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர் இருக்கிறாரே என்ற நிம்மதியில்தான் பெற்றோரின் கண் தண்ணீரை விட்டு நகர்கிறது. என்னை வருத்துவது அதுதான்.

ஐந்து வயது மகளோடு நீங்களும் தண்ணீரில் இறங்கி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். மகனையும் அந்தப் பக்கத்திலேயே விளையாடச் சொல்லுங்கள். கணவரோ அக்காவோ கூட வந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். "இப்போ நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற வேண்டும். காண்டோவில் பிறந்தநாள் பார்பிக்யூ நடக்கும்போது பெரியவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு நினைப்பார்கள். அந்த மாதிரி நாளில்தான் எனக்குப் பயம் அதிகம்.

பொங்கோலில் இருந்து ஒரு தந்தை: மூழ்கும் பிள்ளை கத்தும், கையை ஆட்டும் அல்லவா? பக்கத்தில் இருந்தால் காதில் விழாமலா போகும்?

விழாமல்தான் போகும் சார். கத்துவதற்கு முதலில் மூச்சு வேண்டும். மூழ்குபவரின் வாய் தண்ணீருக்கு மேலே வருவது ஒரு கணம்தான். அதற்குள் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? கைகளும் அவர் சொன்னபடி கேட்காது. உடல் தானாகவே இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தும். அதனால் கை அசைத்து உதவி கேட்க முடியாது, நீங்கள் வீசும் மிதவையைப் பிடிக்கக்கூட முடியாமல் போகலாம். மேலே சொன்ன பியா, மீட்புக் காட்சிகளைப் படம் பிடித்து ஆராய்ந்துதான் இதைக் கண்டறிந்தார். இந்தப் போராட்டம் நீர்மட்டத்தில் 20 முதல் 60 வினாடிவரைதான் நீடிக்கும் என்பது அவர் கணிப்பு. ஒரு வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போடுகிற நேரம்.

என்ன பார்க்க வேண்டும்? உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும். முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவது போல ஓர் அசைவு, ஆனால் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் "என்னம்மா, சரியா இருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உடனே இறங்கிப் பிடியுங்கள். விளையாடும் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். சத்தம் திடீரென்று நின்றால் திரும்பிப் பாருங்கள்.

தேசிய சேவைக்குப் போகப்போகும் இளைஞர்: மாஸ்டர், மூச்சடக்கி நீருக்கடியில் 50 மீட்டர் போகப் பயிற்சி செய்கிறேன். அதற்கு முன் வேகமாகப் பத்து இருபது முறை மூச்சு இழுத்துவிட்டால் அதிக நேரம் தாங்குகிறது. சரியான முறையா?

தம்பி, இன்றோடு நிறுத்திவிடு. நீ கேட்டது நல்லதாகப் போயிற்று.

மூச்சு விடத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கரியமில வாயு ஏறுவதால் வரும் தூண்டுதல். நீ வேகமாக மூச்சு விடும்போது உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் வெளியேறுகிறது. எச்சரிக்கை மணியை நீயே கழற்றி வைத்துவிடுகிறாய். நீருக்கடியில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், மூச்சு முட்டுகிற உணர்வு வரவே வராது, அப்படியே நினைவு தப்பும். வலியோ திணறலோ இல்லாததால் உனக்கே தெரியாது. நினைவு தப்பிய பிறகு உடல் தானாக மூச்சு இழுக்கும், உள்ளே போவது தண்ணீர். ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்துபோன நிலை என்பதால் மூளை பாதிக்க அதிக நேரம் ஆகாது.

இப்படி மூழ்குபவர்கள் பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், கட்டுடல் கொண்ட இளைஞர்கள். மேலிருந்து பார்க்கும் உயிர்காப்பாளருக்கு, அடியில் அசையாமல் கிடப்பவர் பயிற்சி செய்கிறாரா மயங்கிவிட்டாரா என்று புரியாது. நண்பர்களோடு மூச்சடக்கும் போட்டியும் வேண்டாம். நீச்சல் பலம் வேண்டுமென்றால் நீர்மட்டத்தில் தூரத்தைக் கூட்டு, நான் சொல்லித்தருகிறேன்.

கட்டுமானத் துறையில் வேலை செய்பவர், புதுக்கோட்டைக்காரர்: அண்ணே, ஊரில் கிணத்திலும் கண்மாயிலும் குதித்து வளர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடுதி நண்பர்களோடு ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போவோம். கடலில் இறங்கினால் என்ன ஆகும்?

கிணற்று நீச்சல் உண்மையான நீச்சல்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கும், நாலு பக்கமும் சுவர் இருக்கும். சிங்கப்பூர்க் கடல் அலையில்லாமல் குளம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கடல் மட்டம் ஏறி இறங்கும் பெரிய ஓதங்களின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே குறுகலான வழியில் போய்த் திரும்ப வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் இரண்டு அடி நகர்ந்ததும் கால் எட்டாமல் போகலாம். இழுத்துப் போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். மல்லாந்து மிதந்திருங்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள், முடிந்தால் இழுப்புக்குக் குறுக்கே நகருங்கள்.

பீர் குடித்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. உலகில் எங்கே பார்த்தாலும் மூழ்கிச் சாகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். துணிச்சலும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். இன்னொன்றையும் நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். பயத்தில் இருப்பவர் உங்கள் தோளில் ஏறி அமுக்குவார், ஒரு சாவு இரண்டாகும். கரையில் உயிர்காப்பு வளையம் இருந்தால் வீசுங்கள், இல்லையென்றால் மூடிய காலிப் பாட்டில், சட்டை, கம்பு எதையாவது நீட்டுங்கள். ஒருவர் ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைக்கட்டும். நீர்த்தேக்கங்களிலும் கால்வாய்களிலும் இறங்கவே வேண்டாம். மழை பெய்தால் கால்வாயில் நீர் சில நிமிடங்களில் ஏறிவிடும்.

பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, பிடோக்: தம்பி, பேரனுக்கு இரண்டு வயது. கையில் காற்றடைத்த பட்டை மாட்டிவிட்டால் பணிப்பெண் காண்டோ குளத்துக்குக் கூட்டிப் போகலாமா?

அந்தக் கைப்பட்டை விளையாட்டுச் சாமான், பாதுகாப்புக் கருவி இல்லை அம்மா. கழன்றுவிடும், காற்று இறங்கும். பணிப்பெண்ணுக்கு நீந்தத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். பல காண்டோ குளங்களில் உயிர்காப்பாளரும் கிடையாது. அவருக்கு நீந்தத் தெரியாவிட்டால் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பக் கேட்பது அவருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் ஆபத்து.

வீட்டில் குளியலறை வாளியையும் பாருங்கள். இந்த வயதில் தலை பாரம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் நிமிர முடியாது, சில அங்குலத் தண்ணீரே போதும். உபயோகித்ததும் கவிழ்த்து வையுங்கள், கதவைச் சாத்துங்கள்.

ஜூரோங் வெஸ்டில் இருந்து ஒரு தாய்: மகள் ஸ்விம்சேஃபர் நீச்சல் திட்டத்தில் இரண்டாம் நிலை முடித்துவிட்டாள். இனிமேல் பயமில்லையா?

நல்ல தொடக்கம். 2010இல் தொடங்கிய இந்தத் திட்டம் நீந்துவதோடு நிற்காமல், தண்ணீரில் தாக்குப்பிடிக்கவும் மற்றவருக்கு உதவவும் கற்றுத்தருகிறது. மொத்தம் ஆறு நிலைகள், முதல் மூன்றுக்குப் பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம். தங்கம்வரை விடாமல் அனுப்புங்கள். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் முறையாக நீச்சல் பயின்றால் மூழ்கும் ஆபத்து 88 விழுக்காடு குறைவதாக 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் சான்றிதழைப் பார்த்துக் கண்ணை எடுத்துவிடாதீர்கள். நீச்சல் கண்ணாடி அணிந்து, தெரிந்த குளத்தில், பயிற்றுநர் அருகில் இருக்க நீந்துவது வேறு. யாரோ இடித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சமாளிப்பது வேறு.

நீச்சல் உடை என்ன நிறத்தில் வாங்கலாம்?

பளீரென்ற ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு. நீலமும் வெள்ளையும் குளத்து அடியில் கரைந்துவிடும், வாங்காதீர்கள்.

வலிப்பு நோய் உள்ள மகனை நீந்த விடலாமா?

மருத்துவர் ஒப்புக்கொண்டால், மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் விடலாம். ஆனால் அவனுக்கென்றே ஒருவர், நீந்தத் தெரிந்தவர், தண்ணீருக்குள் கூடவே இருக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கு மூழ்கும் ஆபத்து மற்றவர்களைவிட 15 முதல் 19 மடங்கு அதிகம். உயிர்காப்பாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஈசூனில் இருந்து ஒரு தாத்தா: எங்கள் ஊரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பார்கள். அது சரியா?

செய்யவே கூடாது ஐயா. வயிற்றில் உள்ள தண்ணீர் வெளியே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், பொன்னான நிமிடங்களும் போய்விடும். மூழ்கியவருக்கு உடனே தேவை காற்று. அவருடைய இதயம் நிற்பதே ஆக்சிஜன் இல்லாததால்தான். அதனால் மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் கொடுப்பது மிக முக்கியம்.

தட்டி எழுப்பிப் பாருங்கள். அசைவில்லை, இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் ஒருவர் 995க்கு அழைக்கட்டும், ஒருவர் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொண்டு வரட்டும். கட்டாந்தரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து மார்பு எழும்படி முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஏஇடி வந்ததும் மார்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், ஆனால் அதற்காக மூச்சு கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பயிற்சி இல்லாதவர்களும் கைவிட வேண்டாம், 995இல் பேசுபவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். இதற்கான வகுப்புகள் சிங்கப்பூரில் நிறைய நடக்கின்றன. தாத்தா பாட்டி, பணிப்பெண் எல்லாரையும் அனுப்புங்கள்.

தெம்பனிசில் இருந்து ஒரு தாய்: குளத்தில் தண்ணீர் குடித்துவிட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு தூக்கத்தில் மூழ்கிச் சாகும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

அந்தச் செய்தி சொல்லும் விதம் தவறு. ஒரு மிடறு குடித்துச் சற்று இருமி, பிறகு ஓடி விளையாடும் பிள்ளை நள்ளிரவில் திடீரென்று இறந்துவிடாது. ஆனால் தண்ணீருக்குள் உண்மையிலேயே திணறிய பிள்ளையைச் சில மணி நேரம் கவனியுங்கள். இருமல் நிற்காவிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், வாயில் நுரை வந்தால், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கி விழுந்தால் காலைவரை காத்திருக்காமல் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மூச்சு விடவே சிரமப்பட்டால் 995. மருத்துவரிடம் எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தான், நினைவு தப்பியதா, நீலம் பாரித்ததா என்று சொல்லுங்கள், அது அவர்களுக்கு மிகவும் உதவும்.