பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பத்தி என்ன வேணா கேளுங்க

கேள்வி: அக்கா, சாதா பிளாஸ்டிக் எப்படி ரேடியேஷன காட்டும்?

பதில்: சாதா பிளாஸ்டிக் இல்லப்பா. சிண்டிலேட்டர்னா கதிர் பட்டா மின்னுற பொருள். பாலிவினைல்டொலுவீன், இல்லனா பாலிஸ்டைரீன். அதுல பிபிஓ மாதிரி வெளிச்சம் விடுற சாயம் கொஞ்சம் கரைச்சிருப்பாங்க. கதிர் பட்டதும் பிளாஸ்டிக் வாங்குன சக்தி சாயத்துக்குப் போய் நீல வெளிச்சமா வெளிய வரும், ஒரு எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், கதிரோட சக்திய அளக்குற அலகு) சக்திக்கு சுமார் 10,000 போட்டான், அதாவது ஒளித்துகள்.

கேள்வி: மேடம், நியூட்ரானையும் காமாவையும் இதுல பிரிக்கவே முடியாதுன்னு எங்க புரொஃபசர் சொல்றாரு, நிஜமா?

பதில்: ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தாங்க. 2012-ல அமெரிக்காவுல லிவர்மோர் லேப்ல நடாலியா ஸைட்செவா டீம் அதை மாத்திக் காட்டுனாங்க. அவங்க செஞ்சது கேக்க சிம்பிள், சாயத்த ஒண்ணு ரெண்டு சதவீதத்துல நிறுத்தாம 30 வரைக்கும் ஏத்துனாங்க. நியூட்ரான் வந்து ஒரு புரோட்டான தட்டி விடும், அந்தப் புரோட்டான் போற வழி குட்டை, ஆனா நெருக்கமா டிரிப்லெட் நிலைகள (வாங்குன சக்திய உடனே விடாம வெச்சிருக்கிற மூலக்கூறு நிலைகள) உண்டாக்கிட்டுப் போகும், அதுல ரெண்டு ரெண்டா சந்திச்சா கொஞ்சம் லேட்டா வெளிச்சம் வரும், அதனால பல்ஸோட வால், அதாவது வெளிச்சம் மெல்ல மங்குற கடைசிப் பகுதி, பெருசாகும். காமாவுக்கு அந்த வால் சின்னது, அத வெச்சு ரெண்டையும் பிரிச்சிடலாம். சாயம் கம்மியா இருந்தா டிரிப்லெட் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவ முடியாது, சந்திக்கவும் முடியாது. விஷயமே அதான்!

கேள்வி: அப்போ சாயத்த கொட்டிட்டா வேல முடிஞ்சுதா?

பதில்: அங்கதான் கஷ்டமே ஆரம்பிக்குது. சாயம் ஏற ஏற பிளாஸ்டிக் இளகிடும். நான் வார்த்த முதல் கட்டிய ஓவன்லேர்ந்து எடுத்து நகத்தால அழுத்தினேன், தடம் அப்படியே விழுந்துச்சு. கொஞ்ச மாசத்துல மேல வெள்ளையா பொடி பூத்துச்சு, சாயம்தான் வெளிய வந்திருக்கு. கிராஸ்லிங்க்கர் (பிளாஸ்டிக் சங்கிலிகள ஒண்ணோட ஒண்ணு கட்டுற பொருள்) சேத்தா கெட்டியாகும். வெளிச்சம் கூடுதான்னு மட்டும் பாக்காதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சும் கட்டி அப்படியே இருக்குமான்னு பாருங்க, என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

கேள்வி: பார்டர்ல லாரிய ஸ்கேன் பண்ற பெரிய சிண்டிலேட்டர் பலகைங்க மங்கிப் போகுதாமே?

பதில்: ஆமாங்க. வெயில் காலத்துல ஈரம் உள்ள இறங்கிடும், குளிர் வந்ததும் உள்ளயே குட்டி குட்டித் துளியா பிரிஞ்சு பனி படிஞ்ச கண்ணாடி மாதிரி ஆயிடும். மொதல்ல சூடானா தெளிஞ்சிடும். திரும்பத் திரும்ப நடந்தா அப்புறம் தெளியவே தெளியாது.

கேள்வி: சீசியமா கோபால்ட்டானு இது சொல்லுமா?

பதில்: சாதா கட்டி சொல்லாது, கார்பனும் ஹைட்ரஜனும் ரொம்ப லேசான அணுக்கள், காம்ப்டன் விளிம்பு மட்டும்தான் தெரியும், அதாவது காமா எலக்ட்ரான்ல மோதி சக்தில ஒரு பங்க மட்டும் விடுறதால வர்ற மேட்டோட முனை. பிஸ்மத் (கனமான ஒரு உலோகம்) சேத்தா சீசியத்தோட 662 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) பீக், அதாவது முழு சக்தியையும் காட்டுற முகடு, தெரியும். ஆனா கனமான அணு வெளிச்சத்த அமுக்கிடும், அதுக்குத்தான் இரிடியம் கலந்த சாயம் போட்டுப் பாத்திருக்காங்க.