அழுங்கின் பல் எங்கே போனது?

கேள்வி: ரீச்சர், போன கிழமை எங்கள் கச்சான் தோட்டத்தில் ஓர் அழுங்கு கறையான் புற்றைக் கிளறிக்கொண்டு நின்றது. செதில் இருப்பதால் அது உடும்பு இனம் என்கிறார் அப்பா. புத்தகத்தில் முலையூட்டி என்று இருக்கிறது. வாயில் பல்லும் இல்லை. எதை நம்புவது?
– உயர்தர மாணவன், நெடுங்கேணி

பதில்: தம்பி, அதை ஒன்றும் செய்யாமல் போகவிட்டீர்கள்தானே? அதை நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதலில் கேட்கிறேன்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வெளித்தோற்றம் அப்படி. பல வருடங்களுக்கு முன் எங்கள் வயல் காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரு தாய் அழுங்கைக் கண்டேன். வாலின் அடியில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் செதில்களுக்கு இடையே முரட்டு மயிர். உடும்புக்கு ஏது மயிர்? குட்டி பால் குடித்துத்தான் வளரும். அந்தச் செதிலும் எங்கள் நகத்தில் இருக்கும் அதே கெரற்றின்தான்.

சரி, பல்லுக்கு வருவோம். 2016இல் மலாயா அழுங்கு, சீன அழுங்கு இரண்டினதும் மரபணுத்தொகுதியை வாசித்து வெளியிட்டார்கள். பல்லின் எனாமலை உருவாக்கும் பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள், மூன்று அதில் இன்னும் கிடக்கின்றன, ஆனால் உடைந்துபோய். எங்கள் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவர்கள் பழைய குளங்களைக் காண்பார்கள். கட்டு உடைந்திருக்கும், உள்ளே பாலையும் வீரையும் வளர்ந்திருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. ஆனாலும் அந்த மேட்டைப் பார்த்தவுடன் இது குளம் இருந்த இடம் என்று தெரிந்துவிடும். அழுங்கின் மூதாதைக்குப் பல் இருந்தது என்பதற்கு அந்த மூன்றும் அப்படியான மேடுகள். எறும்பையும் கறையானையும் நாக்கால் ஒட்டி எடுத்து அப்படியே விழுங்கும் சீவியத்துக்குப் பல் தேவைப்படவில்லை. அதனால் பரம்பரையலகில் பிழை விழுந்தபோதும் குட்டிகள் தப்பிப் பிழைத்தன. பல்லில்லாத திமிங்கிலங்களிலும் இதே மாதிரி உடைவு இருக்கிறது, அது வேறாக நடந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. தோலிலும் உடலின் உட்படலங்களிலும் கிருமியை எதிர்க்கும் இன்ரர்பெரோன் எப்சிலோன் என்ற பரம்பரையலகும் அழுங்கில் உடைந்திருக்கிறது. அந்தக் குறையைச் செதில் ஈடு செய்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் எண்ணம்: காயம் குறைந்தால் கிருமி நுழையும் வழியும் குறையும்.

உறவு முறை கேட்டால் அப்பா நம்ப மாட்டார். தென்னமெரிக்க எறும்புதின்னியோடுதான் முன்பு இதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணு காட்டும் கிட்டிய சொந்தம் நாய், பூனை, கரடி. எங்கள் வன்னிக் கரடியும் கறையான் தின்னிதான். அதற்கும் மேல்வாயின் நடுவில் இரண்டு முன்பற்கள் இல்லை, அந்த இடைவெளியால்தான் கறையானை உறிஞ்சி எடுக்கிறது.

செதிலை மருந்தென்று அரைக்கிறவர்களுக்கும் மோதிரம் செய்கிறவர்களுக்கும் சொல்லுங்கள், அது வெறும் நகம். எட்டு அழுங்கு இனங்களின் பன்னாட்டு வணிகத்தையும் தடுக்க 2016இலேயே உலக நாடுகள் முடிவெடுத்தன. எங்கள் நாட்டிலும் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

திரும்ப வந்தால் நாயைக் கட்டிவைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு அந்த மயிரைக் காட்டுங்கள்.