பழைய டாக்கர் நெட்வொர்க்கை அழிக்க 600 ரிங்கிட்டா?

பினாங்கு, பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகர்: "கம்பெனி செர்வரில் புது ப்ராஜெக்ட் ஏற்றினால், கொடுக்க ஐபி முகவரி இல்லை என்று, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் மறுக்கிறது. ஏறக்குறைய 30 பழைய நெட்வொர்க்குகள் கிடக்கின்றன. மொத்தமாகச் சுத்தம் செய்து டிஸ்க் இடமும் மீட்டுத் தர பராமரிப்பு ஏஜெண்ட் 600 ரிங்கிட் கேட்கிறார். நானே அழித்தால் ஓடுகிற சிஸ்டம் விழுந்துவிடுமா?"

விழாது. பயன்படாத நெட்வொர்க்குகளை மொத்தமாக அழிக்க 'டாக்கர் நெட்வொர்க் ப்ரூன்' என்ற ஒரே கட்டளை இருக்கிறது. ஓடும் கன்டெய்னர் (நிரல் இயங்கும் தனிப் பெட்டி) ஒட்டியிருக்கிற நெட்வொர்க்கை அது தொடாது. டாக்கரே உருவாக்கும் பிரிட்ஜ், ஹோஸ்ட், நன் மூன்றையும் தொடாது.

அந்த 600 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள். நெட்வொர்க்கை அழிப்பதால் டிஸ்க்கில் இடம் கிடைக்கவே கிடைக்காது. இடத்தை அடைப்பவை இமேஜ் (கன்டெய்னரின் அச்சு), வால்யூம் (தரவு சேமிக்கும் இடம்), பில்ட் கேஷ் (இமேஜ் கட்டும்போது சேரும் தற்காலிகக் கோப்புகள்). இடம் மீட்டுத் தருகிறேன் என்று வருபவர் 'சிஸ்டம் ப்ரூன்' என்ற பொதுச் சுத்தக் கட்டளையை வால்யூமையும் சேர்த்து ஓட்டிவிட்டுப் போகக்கூடும். அது நின்றிருக்கும் கன்டெய்னர்களை முதலில் அழிக்கும். டாக்கர் 23-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால், அப்படி ஆளில்லாமல் போன வால்யூமையும், அதிலிருக்கும் உங்கள் டேட்டாபேஸோடு சேர்த்து அழித்துவிடும். பேக்கப் எங்கே என்று கேட்காத ஆளைச் செர்வர் பக்கமே விடாதீர்கள்.

நெட்வொர்க் ப்ரூனில் நீங்கள் கவனிக்க வேண்டியது நிறுத்தி வைத்த கன்டெய்னர்களை. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு நிரல் இன்று நின்றிருக்கிறது என்று வையுங்கள். அதன் நெட்வொர்க்கை யாரும் பயன்படுத்தவில்லை என்றே ப்ரூன் எடுத்துக்கொண்டு அழித்துவிடும். மாதக் கடைசியில் 'ஸ்டார்ட்' கொடுத்தால் நெட்வொர்க் காணவில்லை என்று பிழை வரும். அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கினாலும் பலிக்காது. கன்டெய்னர் தேடுவது பழைய நெட்வொர்க்கின் அடையாள எண்ணை. இந்த ஆபத்தை அந்தக் கட்டளை சொல்வதில்லை. எவை எவை போகப்போகின்றன என்ற பட்டியலைக்கூடக் காட்டாமல், பொதுவான ஓர் எச்சரிக்கையோடு 'ஒய்' அல்லது 'என்' என்று மட்டும் கேட்கிறது. இத்தனை வருடமாகியும் முன்னோட்டம் பார்க்க ஒரு வழி வைக்காதது பெரிய குறை.

ஆகவே 'நெட்வொர்க் எல்எஸ்' ஓட்டிப் பெயர்களை எடுங்கள். சந்தேகமான பெயர் ஒவ்வொன்றுக்கும் 'டாக்கர் பிஎஸ்' கட்டளையோடு, நின்றவற்றையும் காட்டும் 'ஏ' குறியும் அந்த நெட்வொர்க் பெயரை வைத்த ஃபில்டரும் சேர்த்து ஓட்டுங்கள். தலைப்பு வரியைத் தவிர ஒரு வரிகூட வரவில்லையென்றால் 'நெட்வொர்க் ஆர்எம்' கொடுத்து அழிக்கலாம். தவறி அழித்துவிட்டால், காம்போஸ் கோப்பு (ஒரு ப்ராஜெக்ட்டின் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் கோப்பு) இருக்கும் ஃபோல்டரில் 'அப்' கட்டளையை 'ஃபோர்ஸ் ரீக்ரியேட்' குறியோடு ஓட்டுங்கள்; பெயர் வைத்த வால்யூமில் உள்ள தரவு அப்படியே இருக்கும்.

ஐபி முகவரி தீர்ந்ததற்குக் காரணம், டாக்கர் இயல்பாக ஒதுக்கும் முகவரித் தொகுதிகள் 31 மட்டுமே: 172.17 முதல் 172.31 வரை 15, 192.168-இல் 16. ஒவ்வொரு காம்போஸ் ப்ராஜெக்ட்டும் பொதுவாக ஒன்றையாவது எடுத்துக்கொள்ளும். 'ஸ்டாப்' கொடுத்தால் அது திரும்பாது. முடிந்த ப்ராஜெக்ட்டுக்கு, நெட்வொர்க்கையும் சேர்த்து அழிக்கும் 'டவுன்' கொடுங்கள்.