பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பாராட்டி எழுதியதால், பிரிட்டிஷ் இளவரசி டயானாவைப் பற்றி பாப்லோ லரைன் இயக்கிய ‘ஸ்பென்சர்’ படத்தைப் பார்த்தேன். மூன்று நாள் விருந்தில் ஒரு பெண் அழுகிறாள், ஓடுகிறாள், முத்துமாலையை அறுத்துச் சூப்போடு விழுங்குகிறாள். இதெல்லாம் நடந்ததா? புகுந்த வீட்டாரை அரக்கர்களாகக் காட்டுவது நியாயமா? வேளைக்கொரு உடை மாற்றும் இளவரசிக்காக நான் ஏன் இரங்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மைத் துயரம் ஒன்றிலிருந்து பிறந்த கட்டுக்கதை என்று படம் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுகிறது. முத்து விழுங்கும் காட்சி முடிந்த சற்று நேரத்தில் மாலை டயானாவின் கழுத்தில் அப்படியே கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். கணவர் அதே போன்ற மாலையை இன்னொரு பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்தும் அதை அணிந்து உண்ண வேண்டியிருப்பதுதான் அங்கே விஷயம்.

விருந்து நடக்கும், அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்குள் நுழைந்ததும் டயானாவை ஒரு பழைய எடைத் தராசில் உட்காரவைக்கிறார்கள். விருந்தினர் நன்றாகச் சாப்பிட்டார்களா என்பதற்குச் சான்றாக, திரும்பும்போது எடை கூடியிருக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே செய்யப்படும் சடங்கு. ஆனால் உண்டதை வாந்தியெடுக்கும் நோய் தமக்கு இருந்ததை டயானாவே 1995 தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்தத் தராசு என்னவாக இருந்திருக்கும்? எந்த வேளைக்கு எந்த உடை என்று சீட்டு ஒட்டித் தொங்கும் துணிகளையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் வசதி என்று கண்டது, உடலின் மீது வீட்டாருக்கு இருக்கும் உரிமை.

அரக்கர்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. பில்லியர்ட்ஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, பிடிக்காததையும் உடலைச் செய்யவைக்கப் பழக வேண்டும் என்று கணவர் சார்லஸ் சொல்லும்போது, அவரும் அப்படிப் பழக்கப்பட்டவர்தான் என்பது தெரிகிறது.

எனக்கு நெருக்கமாகப் பட்டது வேறொன்று. 1961இல் டயானா பிறந்த பார்க் ஹவுஸ் அதே சாண்ட்ரிங்ஹாம் பண்ணை நிலத்தில்தான் இருக்கிறது. புகுந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த வீடு, ஆனால் போகத்தான் முடியாது! படம் அதைப் பலகை அடித்த பாழ்வீடாகக் காட்டுகிறது. உண்மையில், படத்தின் கதை நடக்கும் 1991க்கு முன்பே அது மாற்றுத்திறனாளிகளுக்கான விடுதியாகிவிட்டது. இந்தப் பொய்யை நான் மனமாரப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, மன்னர் எட்டாம் ஹென்றி தலையை வெட்டவைத்த அவருடைய ராணி ஆன் பொலினின் ஆவியை அங்கே கூட்டிவந்ததுதான். வயலில் சோளக்கொல்லைப் பொம்மை போட்டிருந்த தன் அப்பாவின் பழைய கோட்டைக் கழற்றி எடுத்து வந்தவருக்கு, இருட்டில் அந்தப் பாழ்வீட்டின் மாடிப்படி ஏற எந்த ராணியின் துணையும் வேண்டியிருக்கவில்லை.