கடன் வாங்கியது பாவமா?

கேள்வி: நான் ஒரு விசுவாசி. கிரெடிட் கார்டில் பெரிய பாக்கி, வங்கியில் தனிநபர் கடன், சபையில் என்னோடு ஜெபிக்கும் தோழியிடம் வாங்கிய கைமாற்று என்று மூன்று கடன்கள் இருக்கின்றன. கார்டு பாக்கி கணவருக்குத் தெரியாது. ‘ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்’ என்ற வசனத்தைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. நான் பாவம் செய்துவிட்டேனா? வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை நிறுத்திவிட்டுக் கடனை அடைக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். ரோமர் 13:8-ஐத் தனியாக எடுத்தால் கடன் வாங்கியதே குற்றம் என்பதுபோல ஒலிக்கும். முந்தின வசனத்தோடு சேர்த்துப் படியுங்கள். வரியோ தீர்வையோ கனமோ, யாருக்கு எது சேர வேண்டுமோ அதைக் கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டு வருகிறார் இதை எழுதிய பவுல். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பாக்கி வைத்து நிற்காதீர்கள் என்பதையே தொடர்ந்து சொல்கிறார். கடன் வாங்குவதே பாவமாக இருந்தால், கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருப்பாரா? சங்கீதம் 37:21-உம் வாங்கிவிட்டுச் செலுத்தாமல் போகிறவனைத்தான் துன்மார்க்கன் என்கிறது.

அதற்காகக் கடனை வேதம் லேசாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது நீதிமொழிகள் 22:7. உங்கள் கார்டையே பாருங்கள். மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 பாக்கிக்கு 5 கட்டினால் 3 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 2. ஒன்றுமே கட்டாமல் விட்டால், அபராதத்தைச் சேர்க்காமலே ஒரு வருஷத்தில் 142-ஐத் தாண்டிவிடும். நீங்கள் உழைப்பதில் ஒரு பங்கு உங்கள் கைக்கு வருமுன்பே இன்னொருவருடையதாகிவிடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 2 இராஜாக்கள் 4-இல் வரும் விதவைதான் நினைவுக்கு வந்தாள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். அவள் உதவி கேட்டு வந்தபோது எலிசா தீர்க்கதரிசி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் கடன் வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. ‘வீட்டில் என்ன இருக்கிறது, சொல்’ என்கிறார். ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார், அதுவும் ‘அநேகம்’ வாங்கச் சொல்கிறார். அவள் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றிருக்க வேண்டும். கஷ்டத்தை மூடி மறைக்க வழியே இல்லை. அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் வார்க்கிறாள்; பாத்திரங்கள் எல்லாம் நிறையும்வரை எண்ணெய் தீரவில்லை. கடைசியில் எலிசா சொன்ன வரிசையைக் கவனியுங்கள்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிழைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் உங்கள் விஷயத்தில் எனக்கு வட்டியைவிடப் பெரிய கவலை, கணவருக்குத் தெரியாது என்பதுதான். மூன்று கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்: அசல், வட்டி, மாதத் தவணை. அதை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். தாளில் பார்க்கும்போது, மனசுக்குள் பயமுறுத்திக்கொண்டிருந்த தொகைக்கு ஒரு அளவு வந்துவிடும். சொன்னால் கை நீட்டுவார் என்ற பயம் இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டாம், உங்கள் பாதுகாப்பு முக்கியம். நீங்கள் நம்பும் ஒருவரிடம் முதலில் பேசுங்கள்.

தசமபாகத்தைப் பற்றிச் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை, உங்கள் போதகரிடமும் பேசுங்கள். என் பார்வை இதுதான். மனவிருப்பம் இருந்தால், இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. கார்டைத் தேய்த்துக் காணிக்கை போடுவது இல்லாததிலிருந்து கொடுப்பது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று தேவனுக்கு ஒதுக்கிவிட்டுக் கைவிரித்தவர்களை இயேசு கண்டித்ததும் நினைவிருக்கட்டும் (மாற்கு 7). கடன் தீரும்வரை காணிக்கையைக் குறைத்துக்கொள்வது விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கும் பழக்கம் விட்டுப்போகாதபடி சிறிய அளவிலாவது தொடருங்கள்.

சரி, எதை முதலில் அடைப்பது? வங்கித் தவணை தவறாமல் போகட்டும். கார்டை இனி பயன்படுத்தாதீர்கள், மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு தொகையும் அந்தப் பாக்கிக்கே போகட்டும். தோழிக்கு வட்டி இல்லை என்பதால் அவளைக் கடைசியில் தள்ளிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். 2 இராஜாக்கள் 6-இல், மரம் வெட்டும்போது யோர்தான் நதியில் கோடரி விழுந்தவுடன், ‘ஐயோ, அது இரவலாக வாங்கப்பட்டதே’ என்று பதறினானே ஒருவன், அந்தப் பதற்றம் நல்லது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோழியைத் தனியே பார்த்து, மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில் தருகிறேன் என்று அவள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் தவணையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.