சென்னை, கோவை, திருச்சி, மதுரை: இந்த நாலுல கிரைம் ரேட் கம்மியான சேஃப் சிட்டி எது? குடும்பத்தோட ஷிஃப்ட் ஆகணும்

நல்ல வேலை எந்த ஊர்ல கிடைக்குதோ அங்க போங்க. கிரைம் ரேட்ட பாத்து ஊர செலக்ட் பண்ணாதீங்க, ஏன்னு சொல்றேன்.

நெட்ல சுத்துற சேஃப் சிட்டி லிஸ்ட்ல நிறைய என்சிஆர்பி, அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போடுற வருஷாந்திர ரிப்போர்ட்ட வச்சு எழுதினதுதான். அதுல பெருநகரம்னு தனியா வர்றது 2011 சென்சஸ்படி 20 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற 19 ஊர் மட்டும். நம்ம பக்கம் சென்னையும் கோவையும்தான் அதுல இருக்கு, மதுரையும் திருச்சியும் அந்த லிஸ்ட்லயே கிடையாது, அப்புறம் எப்படி நாலையும் வரிசைப்படுத்தி வாட்ஸப்ல கார்டு போடறாங்கன்னு எனக்குப் புரியல. மதுரைன்னாலே அருவான்னு ஒரு இமேஜ், அது சினிமாக்காரங்க குடுத்தது, அத வச்சு முடிவு பண்ணீங்கன்னா ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

சரி, லிஸ்ட்ல இருக்கற ஊரையாச்சும் நம்பலாமான்னா அதுவும் சிக்கல்தான். 2023 ரிப்போர்ட்ல ஒரு லட்சம் பேருக்கு இத்தன கேஸ்னு போட்டதுல கொச்சி 3,100க்கு மேல, கொல்கத்தா 84 கிட்ட. இத அப்படியே எடுத்துக்கிட்டா கொச்சியில இருக்கறவங்க முப்பது மடங்குக்கு மேல பயந்து வாழணும். ரெண்டு ஊர்லயும் இருந்தவங்கள கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. இது நடந்த குற்றத்தோட கணக்கு இல்லங்க, ஸ்டேஷன்ல பதிவான கேஸோட கணக்கு. குற்றம் கூடறது வேற, பதிவு கூடறது வேறன்னு அந்த ரிப்போர்ட்லயே தெளிவா எழுதியிருக்காங்க, யாரு அந்தப் பக்கத்தப் படிக்கிறா. 2020ல லாக்டவுன் போட்டப்ப வெளிய சுத்தினவங்க மேல அரசு உத்தரவ மீறினதா 188 செக்‌ஷன்ல கேஸா போட்டுத் தள்ளினாங்க, நாடு முழுக்க 2019ல 29,469 இருந்த அந்த கேஸு அடுத்த வருஷம் 6,12,179. ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்த வருஷத்துல கிரைம் ரேட் எகிறிடுச்சு!

இதுக்கு நேர் எதிரா நடக்கறதும் உண்டு. என் தம்பிக்கு பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல பாக்கெட்ல இருந்து ஃபோன உருவிட்டாங்க, கூடவே நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எந்த ஸ்டேஷன்னு வேணாம். ரைட்டர் மனுவ வாங்கிப் பாத்துட்டு "திருடு போச்சுன்னு ஏன் தம்பி எழுதறீங்க, அப்புறம் கோர்ட்டுக்கு அலையணும், எங்கயோ தவறிடுச்சுன்னு மாத்தி எழுதிக் குடுங்க, இப்பவே சிஎஸ்ஆர், அதான் மனு வாங்கினதுக்கான ரசீது, போட்டுத் தரேன், புது சிம் வாங்க அது போதும்"னாரு. அவரு சிடுசிடுன்னு எல்லாம் பேசல, உக்காரச் சொல்லி நல்லாத்தான் பேசினாரு. தம்பிக்கும் சிம்முதான் அவசரம், மாத்தி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். ஆக அந்த ஊரு கணக்குல அன்னிக்கு ஒரு திருட்டு நடக்கவே இல்ல. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் கண்டிப்பா போடணும்னு லலிதா குமாரி வழக்குல 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, ஆனா நம்மளே ஒத்துக்கிட்டு மாத்தி எழுதிக் குடுத்தா என்ன பண்றது. இதனால ரேட் கம்மின்னா நல்ல ஊருன்னும் அர்த்தம் இல்ல, கூடன்னா மோசம்னும் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம் சுருக்கமா. ஒரே கேஸ்ல நாலு குற்றம் இருந்தா இருக்கறதுலயே பெருசு எதுவோ அத மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. அப்புறம் 2022 ஜனவரியில தாம்பரம், ஆவடி ரெண்டும் தனி கமிஷனரேட்டா பிரிஞ்சிடுச்சு, அதனால சென்னையோட பழைய வருஷக் கணக்க புதுசோட ஒப்பிடறவங்க எந்த எல்லைய சொல்றாங்கன்னு பாத்துக்குங்க.

குடும்பம்னு சொன்னீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். 2022ல இந்தியாவுல கொலை கேஸ் 28,522. அதே வருஷம் ரோட்டுல ஆக்சிடென்ட்ல செத்தவங்க 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதல் இடம் தமிழ்நாடு. பொண்டாட்டி புள்ளைங்களோட போறவரு கத்திக்குத்துக்குப் பயந்து ஊர மாத்திட்டு, பையன் தினமும் பைபாஸ குறுக்க தாண்டி ஸ்கூல் வேன் ஏறற மாதிரி ஒரு இடத்துல வீடு பிடிச்சா என்னத்த சேஃப்டி?

அதனால ஊர விட்டுட்டு தெருவ பாருங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ராத்திரி ஒன்பதரைக்கு மேல பஸ் ஸ்டாப்புல எறங்கி அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, நமக்கு சாதாரணமா தெரியற சந்து அவங்களுக்கு வேற மாதிரி தெரியும். லைட் எரியுதா, டாஸ்மாக் எந்தப் பக்கம், ஒன்பதரைக்கு எத்தன கடை திறந்திருக்கு, இதெல்லாம் பகல்ல புரோக்கர் கூட பைக்ல போனா கண்ணுல படாது. தெருவுல இஸ்திரி வண்டிக்காரர் இருந்தா பேச்சுக் குடுங்க, எந்த வீட்டுல பூட்ட உடைச்சாங்க, எங்க செயின அறுத்தாங்கன்னு தேதியோட சொல்லுவாரு. குடியேறின பிறகு தீபாவளி பொங்கலுக்கு வீட்ட பூட்டிட்டு ஊருக்குப் போறப்ப ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க, ரோந்து போறப்ப ஒரு பார்வை பாப்பாங்க. ஃபோன்ல காவல் உதவி ஆப் போட்டு வைங்க. ஆன்லைன்ல பணத்த எவனாச்சும் உருவினான்னா யோசிக்காம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் ஆக ஆக பணம் அக்கவுண்ட் மாறிப் போயிட்டே இருக்கும், அவனுக்கு நீங்க திருச்சியில இருந்தாலும் ஒண்ணுதான் சென்னையில இருந்தாலும் ஒண்ணுதான்.