தனியாளாகப் பேட்டி எடுப்பவர்களுக்கு: கேமரா மைக் கேள்வி பதில்

கேள்வி: கேமரா மேல் நல்ல ஷாட்கன் மைக்தான் (முன்பக்கச் சத்தத்தைக் குறிவைக்கும் நீளக் குழல் மைக்) மாட்டியிருக்கிறேன். ஆனாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. இதைவிட விலை கூடிய மைக் வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்காதீர்கள். ஷாட்கன் மைக் பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். லென்ஸ் மாதிரி ஜூம் செய்யாது. தூரம் இரண்டு மடங்கானால் வாயிலிருந்து நேராக வரும் குரல் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த எதிரொலியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். மைக்கைக் கேமராவிலிருந்து கழற்றி ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஃபிரேமுக்குச் சற்று மேலே, வாயைப் பார்த்த மாதிரி இருக்கட்டும். இரண்டு மீட்டரில் இருந்த மைக் அரை மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். செலவு அந்த ஸ்டாண்டும் ஒரு நீட்டிப்பு வயரும் மட்டும்.

கேள்வி: கேள்வி கேட்பதும் நானே, கேமரா பார்ப்பதும் நானே. ஸ்டாண்டெல்லாம் தூக்க முடியாது. வேறு வழி?

பதில்: இரண்டு டிரான்ஸ்மிட்டர் (பேசுபவர் உடையில் மாட்டும், குரலை அனுப்பும் சின்னக் கருவி) உள்ள வயர்லெஸ் காலர் மைக். ரோட் வயர்லெஸ் கோ 2, டிஜேஐ மைக் போன்றவை. குரலை வாங்கும் ரிசீவர் மட்டும் கேமரா ஷூவில் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) உட்காரும். மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். சங்கிலி, துப்பட்டா உரசுகிறதா என்று பேசவைத்துக் கேளுங்கள்; எடிட்டிங்கில் அந்த உரசலை எடுப்பது பெரும்பாடு. உங்கள் குரல் இடது சேனல், அவர் குரல் வலது சேனல் என்று பிரித்தே பதியுங்கள். ஒருவரின் இருமலும் இன்னொருவரின் பதிலும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் பிரிப்பது கடினம். இவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை, மனித உடல் அந்த அலையை மறைக்கும். டிரான்ஸ்மிட்டரை முதுகுப் பக்கம் சொருகாமல் கேமராவைப் பார்த்து வையுங்கள். டிரான்ஸ்மிட்டரிலேயே பதியும் வசதி இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள். தனியாளுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

கேள்வி: அவர் பேச்சை நிறுத்தி யோசிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் எழும்புகிறதே?

பதில்: கேமராவில் ஆட்டோ கெய்ன், அதாவது ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, ஓடுகிறது. பேச்சு நின்றதும் அது அறைச் சத்தத்தைத் தூக்கிவிடும். மேனுவலுக்கு மாற்றுங்கள். பல கேமராக்களின் உள் ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் மிகுந்தது. அதனால் கேமரா கெய்னைக் கீழே இறக்கி, மைக்கின் அளவைக் கூட்டுங்கள். ரோட் வீடியோமைக் ப்ரோவின் பின்னால் இருக்கும் +20 பொத்தான் இதற்காகத்தான். சத்தமாகப் பேசும்போது கேமராவின் ஒலி மீட்டர் -12 டெசிபலைத் தொட்டால் சரி; 0 தான் உச்சம், அதைத் தாண்டினால் குரல் சிதையும். சிரிப்புக்கும் அதற்கு மேல் இடம் வேண்டும்.

கேள்வி: அதே மைக்கை போனில் செருகினால் பதிவாகவில்லை.

பதில்: மைக் வயரின் முனையில், செருகும் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று பாருங்கள். கேமராவுக்கு இரண்டு, போனின் ஹெட்போன் துளைக்கு மூன்று. மாற்றும் வயர் வேண்டும்.

கேள்வி: வெளியில் காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போதுமா?

பதில்: போதாது. ரோமம் வைத்த உறை போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் கேமரா மேல் மைக்கே வேண்டாம் என்கிறீர்களா சார்?

பதில்: இல்லை. கூட்டத்தில் நடந்துகொண்டே ஒருவரை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்க அதுதான் வேகம். அகலமான காட்சி தரும் (வைட்) லென்ஸ் போட்டு, கை நீட்டினால் தொடும் தூரத்துக்குப் போய்விடுங்கள். லென்ஸ் மோட்டார், கைப்பிடி அதிர்வு ஏறாமலிருக்க ரப்பர் தாங்கி உள்ள மைக்காகப் பாருங்கள், அடித்தொனி இரைச்சலை வெட்டும் லோ கட் பொத்தானையும் போடுங்கள். ஹெட்போனில் ஒரு முறை கேட்டுவிட்டு முதல் கேள்விக்குப் போங்கள்.